அயல்மொழியில் ஓர் ஆறுதல்

பல்கலைக்கழகத் தேர்வுக்கு இன்னும் பத்து நாள்களே இருக்கின்றன. பாடநூலை மூடி வைத்துவிட்டு ஒரு மாணவி கைபேசியில் நாடகம் பார்க்கிறாள். அவளைப் பற்றி நாம் என்ன முடிவுக்கு வருவோம்? பொறுப்பற்றவள் என்போம். அந்த நாடகம் ஜப்பானிய மொழியில் அமைந்தது என்றும், மனநல மருத்துவர் ஒருவர் பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அதில் பெரும்பகுதி என்றும் அறிந்தால் நம் வியப்பு இன்னும் மிகும். ஆயினும் சங்கரன்கோவில் போன்ற ஊர்களில், விசைத்தறியின் ஓசை இரவிலும் ஓயாத தெருக்களில், திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைப் படித்தபடி இத்தகைய நாடகங்களைப் பார்க்கும் இளையோர் இருக்கவே செய்கின்றனர். அவர்கள் செய்வது கடமையினின்று தப்பியோடுதலா? கடமையைத் தாங்கிக்கொள்ளத் தேடிக்கொண்ட ஒரு துணையா?

நம் பகுதியில் தேர்வு என்பது மாணவரின் தனிப்பட்ட செய்தியாக இருப்பதில்லை. 1990-இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர், அதுவரை பட்டதாரி எவரையும் கண்டிராத பல வீடுகளின் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதித்தனர். ஆண்டுக்கு இருமுறை பருவத்தேர்வு வருகிறது. ஒரு தாளில் தவறினால் அது 'அரியர்' என்ற பெயருடன் அடுத்த பருவத்திற்கும் பின்தொடர்கிறது. கட்டணத்திற்காக அடகுக்கடைக்குப் போன தாயின் தோடும், கூடுதல் நேரம் தறி ஓட்டிய தந்தையின் முதுகுவலியும் வினாத்தாளோடு சேர்ந்தே மேசைக்கு வருகின்றன. இந்நிலையில் ஒரு பெண் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று வீட்டில் சொன்னால் கிடைக்கும் மறுமொழிகளை நாம் அறிவோம். "ஒழுங்காகப் படித்தால் பயம் ஏன் வருகிறது?" "நாங்களெல்லாம் தெருவிளக்கில் படித்தவர்கள்." "செபமாலை சொல்லிவிட்டுப் படு, எல்லாம் சரியாகிவிடும்." மூன்றும் அன்பினால் சொல்லப்படுபவையே. ஆனால் அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்குமுன் மூன்றும் அவள் வாயை அடைத்துவிடுகின்றன.

அவள் தேடிச் சென்ற ஜப்பான் இவ்வகையில் நமக்கு அத்துணை அயலான நாடு அன்று. நுழைவுத்தேர்வுக் காலத்தை அம்மக்கள் 'ஜுகென் ஜிகோகு', அதாவது தேர்வு நரகம் என்கின்றனர். 'செகென்' என்றொரு சொல்லும் அவர்களிடம் உண்டு. நம்மைச் சுற்றி நின்று நம்மை அளந்துகொண்டிருக்கும் ஊராரின் பார்வையை அது குறிக்கும். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று நாம் அஞ்சுகின்ற அந்த நாலு பேர்தாம் அங்கும் இருக்கின்றனர். மனநல மருத்துவரிடம் செல்வதற்குக் கூசுகின்ற அத்தகைய நாட்டில், என்.எச்.கே. நிறுவனம் 2024-இல் 'ஷ்ரிங்க்' என்ற மூன்று பகுதித் தொடரை ஒளிபரப்பிற்று. மனநல மருத்துவர் ஒருவரே அதன் நாயகர். முதல் பகுதியின் பொருள், காரணமின்றி நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் பீதிநோய். தேர்வு அறை வாசலில் இதே படபடப்பை உணர்ந்து, தனக்கு மட்டுமே இப்படி நேர்கிறது என்று எண்ணியிருந்த ஒருத்திக்கு, அதற்கொரு பெயர் உண்டு என்று அறிவதே எத்துணைப் பெரிய விடுதலை!

அதற்கு முன்னரே, 2020-இல், அதே நிறுவனம் நான்கு பகுதிகளில் வழங்கிய மற்றொரு தொடர் நம் எண்ணத்திற்கு இன்னும் உரியது. மனக்காயத்தை ஆற்றுதல் என்பதே அதன் தலைப்பின் பொருள். 1995 சனவரி 17 அன்று கோபே நகரை நிலநடுக்கம் சிதைத்தது. ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றிய கத்சுமசா ஆன் என்னும் இளம் மனநல மருத்துவர், தாமும் அந்நிலநடுக்கத்தில் சிக்கியவராக இருந்தும், அடைக்கலம் புகுந்திருந்த மக்களிடையே சென்று அவர்களுடைய துயரத்திற்குச் செவிகொடுத்தார். அந்த அனுபவத்தை அவர் எழுதிய நூல் 1996-இல் சன்டோரி பரிசு பெற்றது. 2000-ஆம் ஆண்டு திசம்பரில், முப்பத்தொன்பதாம் வயதில், புற்றுநோயால் அவர் மறைந்தார். அவருடைய வாழ்வைத் தழுவியதே அத்தொடர். அதில் அற்புதச் சுகம் ஏதும் இல்லை. வீடிழந்தவருக்கு வீடு திரும்பக் கிடைப்பதில்லை, இறந்தவர் எழுந்து வருவதும் இல்லை. மருத்துவர் அருகில் அமர்கிறார். எதிரே இருப்பவர் பேசும்வரை காத்திருக்கிறார். நம்மூர்த் தொலைக்காட்சித் தொடர்களின் இரைச்சலுக்குப் பழகிய காதுகளுக்கு அந்த அமைதி முதலில் பொறுமையைச் சோதிக்கும்.

இனி, நாடகம் பார்த்து அழும் மாணவரைக் கடிந்துகொண்டவர்களுள் தலையாயவர் நம் திருச்சபையின் மாபெரும் அறிஞர் ஒருவரே. நான்காம் நூற்றாண்டில் கார்த்தேசு நகரில் மாணவராக வாழ்ந்த புனித அகுஸ்தினார் நாடக அரங்கே கதியென்று கிடந்தவர். பிற்காலத்தில் தம் 'அறிக்கைகள்' நூலின் மூன்றாம் பிரிவில் அதைத் திரும்பிப் பார்த்து அவர் எழுப்பும் கேள்வி கூர்மையானது. தான் அனுபவிக்க விரும்பாத துயரத்தை மேடையில் காண மனிதன் ஏன் விரும்புகிறான்? அங்கே இரக்கம் கொள்பவனை எவரும் உதவிக்கு அழைப்பதில்லை, வருந்தும்படி மட்டுமே அழைக்கின்றனர். அது எவ்வகை இரக்கம்? ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கடந்தும் இக்கேள்வியின் முனை மழுங்கவில்லை. கண்ணீர் விட்டதனாலேயே நல்லவர்களாகிவிட்டோம் என்று நம்பி அரங்கிலிருந்து எழுந்து போகும் நம் அனைவரையும் அது தைக்கிறது.

ஆனால் அம்மாணவியின் மீது அது பாயுமா என்பது ஐயமே. அவள் அந்த நோயாளிக்காக இரங்கிக்கொண்டிருக்கவில்லை. நோயாளி அமர்ந்திருக்கும் நாற்காலியில் அவள்தான் அமர்ந்திருக்கிறாள். ஒருவர் பேசத் தொடங்குவதையும், குறுக்கிடாமல் மற்றொருவர் கேட்பதையும், மதிப்பெண் எவ்வளவு என்ற வினா கடைசிவரை எழாததையும் அவள் காண்கிறாள். வீட்டில் அழ இடமில்லாதவள் அங்கே அழுகிறாள். அகுஸ்தினாரின் குற்றச்சாட்டு பொருந்தவேண்டுமானால், உதவிக்கு அழைக்கப்பட்டும் பார்வையாளராகவே இருந்துவிட்ட ஒருவர் வேண்டும். அடுத்த அறையில் படுத்திருக்கும் நம்மைக் காட்டிலும் அதற்குப் பொருத்தமானவர் யார்?

மனம் நொந்தவர் அமர்வதற்கோர் இடம் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறியாமல் இல்லை. சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னதியின் முன்னுள்ள சக்கரக் குழியில் மனநலம் குன்றியோரை அமர்த்தி வேண்டுதல் செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. புளியம்பட்டி புனித அந்தோணியார் திருத்தலத்திற்கும் இத்தகையோரை உறவினர் அழைத்து வந்து தங்கியிருக்கின்றனர். அங்கெல்லாம் உறவினரும் உடன் அமர்கின்றனர் என்பது சிறிய செய்தியன்று. உடன் அமர்வாரின்றி, மருத்துவமும் இன்றி, சங்கிலியால் பிணைத்து விடப்பட்டவர்களின் முடிவை 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி இருபத்தெட்டுப் பேர் கருகினர்.

நாடகத்தை இவ்வளவு பரிந்து பேசிய பின்னர் அதன் குறையையும் சொல்லவேண்டும். திரையிலுள்ள மருத்துவர் எவர் பேச்சையும் கேட்பார், பார்க்கின்ற அவளுடைய பேச்சை மட்டும் அவரால் கேட்க இயலாது. ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானே தொடங்கிவிடுகிறது, விடிந்தும் விடுகிறது. இங்கே மற்றொரு ஜப்பானியரை நினைவுகூர்வது தகும். ஷோமா மொரிட்டா (1874-1938) டோக்கியோவில் மருத்துவ மாணவராக இருந்தபோது படபடப்பும் நரம்புத் தளர்ச்சியும் அவரை வாட்டின. தேர்வு நெருங்கியது. ஊரிலிருந்து தந்தையின் பணமும் வரவில்லை. மனம் கசந்த அவர், செத்தாலும் சாகட்டும் என்று மருந்துகளை விட்டுவிட்டுப் படிப்பில் இறங்கினார். தேர்வில் நன்றாகவே தேறினார். நோயின் குறிகளும் அகன்றுவிட்டிருந்தன. பின்னாளில் அவர் வகுத்த மருத்துவ முறையின் மையக் கருத்து, அச்சம் நீங்கிய பிறகே செயலில் இறங்குவேன் என்று காத்திராமல், அச்சத்தை உள்ளபடி ஏற்றுக்கொண்டு கைக்கு வந்த வேலையைச் செய்வது. (மருந்தை நிறுத்திய அவரது துணிச்சலை எவரும் பின்பற்ற வேண்டாம். அவர் மருத்துவ மாணவர், மேலும் கோபத்தில் இருந்தார்.) நாடகம் பார்ப்பது துணையா தப்பித்தலா என்பதற்கு இதனினும் நல்ல உரைகல் நமக்குத் தென்படவில்லை. திரையை அணைத்த பின், நடுங்கும் கையோடேனும் நூலைத் திறக்க முடிகிறதா? முடியுமாயின், அந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை.

முடியாதவர்களும் உண்டு. 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். தவறியவர்கள் அதே ஆண்டில் மீண்டும் எழுத வழிசெய்யும் துணைத்தேர்வும், 2017 முதல் பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடப் பட்டியலை வெளியிடுவதில்லை என்ற தமிழக அரசின் முடிவும் இவ்வகையில் நன்மையே செய்தன. திருச்சபையும் கற்றுக்கொண்டே வந்திருக்கிறது. வேண்டுமென்றே தற்கொலை செய்துகொண்டவருக்கு 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடும் மனக்கலக்கமும் பேரச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் தெளிவாகவே உரைக்கிறது.

தேர்வுக்கு முன் நம் பங்குகளில் சிறப்புத் திருப்பலி நிகழ்கிறது. பேனாக்களும் நுழைவுச் சீட்டுகளும் மந்திரிக்கப்படுகின்றன. தேர்வு எழுதுவோரின் பாதுகாவலராகப் போற்றப்படும் கூப்பெர்த்தினோ நகர்ப் புனித சூசை (1603-1663), தமக்கு நன்கு தெரிந்த ஒரே நற்செய்திப் பகுதியிலிருந்தே கேள்வி வந்ததால் ஒரு தேர்விலும், முன்னே நின்றவர்கள் சிறப்பாக விடையளித்ததால் தேர்வே நடவாமல் அடுத்ததிலும் தேறியவர் என்பது வரலாறு. மதிப்பெண்ணைப் பெரிதாக எண்ணாத ஒருவரிடம் மதிப்பெண் கேட்டு மன்றாடுகிறோம்! அத்திருப்பலி நடக்கட்டும். அன்று மாலை பங்கு மண்டபத்தின் ஒரு மூலையில் இரண்டு நாற்காலிகளும் போடப்படட்டும். எவ்வளவு படித்தாய் என்று கேட்காத பெரியவர் ஒருவர் அங்கே அமரட்டும். அவரால் ஆகாத நிலையில் அழைப்பதற்கு 14416 என்ற எண் உண்டு. மனநல உதவிக்கென்று நடுவணரசு 2022-இல் ஏற்படுத்திய அந்த எண்ணில், அம்மாணவி தமிழிலேயே பேசலாம்.