சிக்கனமும் நிலைபேறும்: தனியணு ஊக்கிகள் குறித்து ஓர் அறவியல் வினா

தாக்கமொன்றை விரைவுபடுத்தித் தான் மாற்றமடையாது எஞ்சும் பொருளே ஊக்கி எனப் பாடசாலையிற் கற்றுள்ளோம். 1835இல் பெர்சீலியஸ் பெயரிட்ட இத்தோற்றப்பாட்டின் வரைவிலக்கணம் ஓர் இலட்சியமேயாகும். நடைமுறையில் ஊக்கிகள் தேய்கின்றன, திரள்கின்றன. தான் செலவாகாமற் பிறர்க்குப் பயன்தருதல் எத்துணைக் காலம் இயலும் என்ற வினா இரசாயனவியலார்க்கு மட்டும் உரியதன்று.

எரிபொருட் கலத்தில் ஐதரசனும் ஒட்சிசனும் இணைந்து நீராகும்போது மின் பிறக்கின்றது. இதில் ஒட்சிசன் தாழ்த்தப்படும் படி மந்தமானது. அதனை விரைவுபடுத்துவது பிளாற்றினம். ஆயின் பிளாற்றினத் துணிக்கையின் மேற்பரப்பு அணுக்களே தொழிற்பட, உள்ளிருப்பவை வாளாவிருக்கின்றன. இவ்வுலோகத்தின் பெரும்பகுதி தென்னாபிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வருவது. அங்கு மரிக்கானாவில் 2012 ஆகஸ்ட் 16ஆம் நாள், ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த தொழிலாளர் 34 பேர் பொலிசாராற் சுட்டுக்கொல்லப்பட்டனர். இதனை நினைவிற் கொள்வோர்க்கு, ஓரணுவையும் வீணாக்கலாகாது என்பது வெறும் விலைக்கணக்காகத் தோன்றாது.

2011இல் சீனாவின் சாங் தாவோ குழுவினர் இரும்பொட்சைட்டின்மீது பிளாற்றினத்தைத் தனித்தனி அணுக்களாகப் பதித்து, அவை காபனோரொட்சைட்டின் ஒட்சியேற்றத்தை ஊக்குவதைக் காட்டினர். வாளாவிருக்கும் அணு இங்கில்லை. சிக்கனத்தின் எல்லை இதுவே எனத் தோன்றும்.

எனினும் தனியணு தனித்திருக்க இசைவதில்லை. வெப்பமேற இடம்பெயர்ந்து தன்னினத்தோடு திரள்கின்றது. இறுகப் பிணித்தால் என்ன? 2016இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் சீரியம் ஒட்சைட்டின்மீது, 800 பாகை செல்சியசில், வளியிலேயே பிளாற்றின அணுக்களைச் சிறைப்படுத்தினர். அணுக்கள் நிலைத்தன, ஆனால் தாழ்ந்த வெப்பநிலையில் அவற்றின் தொழிற்பாடு மந்தமாயிருந்தது. 750 பாகையில் நீராவியாற் பதப்படுத்தியபின்பே அவை அங்கு நன்கு தொழிற்பட்டமை 2017இல் வெளிவந்தது. நிலைபேற்றுக்கும் தொழிற்பாட்டுக்குமிடையிலான இம்முரண் தீராததன்று, தானே தீர்வதுமன்று.

ஆகவே சிக்கனமென்பது குறையச் செலவிடுதலா, நெடிது பேணுதலா? முதன்மணித்தியாலத் தொழிற்பாட்டைப் பெரிதாகப் பேசும் போக்கு முன்னையதையே சிக்கனமெனக் கொள்கின்றது. எமது கருத்தில் அது அரைக்கணக்கு. பிளாற்றினத்துக்கு மாற்றாக, காபனில் நைதரசனாற் பிணிக்கப்பட்ட இரும்பணுக்கள் ஆராயப்படுகின்றன. வாகனங்களின் எரிபொருட் கலங்களுக்கு ஐக்கிய அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் வகுத்த இறுதியிலக்கு 8000 மணித்தியாலம். இவ்விரும்பு ஊக்கிகளோ பெரும்பாலும் முதற் சில பத்து மணித்தியாலங்களிலேயே வலுவிழக்கத் தொடங்குகின்றன.

இரும்பு மலிவானது, தேய்ந்தால் மாற்றிவிடலாமே என ஒருவர் வாதிக்கலாம். இவ்வாதம் இழப்பை இழந்த பொருளின் விலையால் மட்டும் அளக்கின்றது. கலத்தினுள் பக்கவிளைவாக ஐதரசன் பேரொட்சைட்டுத் தோன்றுவதுண்டு. பிணிப்பறுந்த இரும்பு அயன் அதனைச் சந்திக்குமிடத்து, 1894இல் பென்ரன் விவரித்த தாக்கம் நிகழ்ந்து, கொடிய சுயாதீன மூலிகங்கள் உருவாகின்றன. அவை எஞ்சிய இரும்பணுக்களைத் தாங்கும் காபனையும், கலத்தின் மென்சவ்வையும் அரிக்கின்றன.