சீட்டும் நீதியும்

மீஞ்சூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. இரும்பு வார்ப்படச் சாலை ஒன்றில் நெடுங்காலம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் மாலை திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது, "ஒருவன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன் சார், இன்னும் உறுத்துகிறது" என்றார்.

நடந்தது இதுதான். வார்த்தெடுத்த உருப்படிகளில் காற்றுத் துளைகள் விழுந்துகொண்டே இருந்தன. அச்சுக் கட்டும் தொழிலாளி ஒருவர்மீது சந்தேகம் விழுந்தது. அவரை நீக்கினார்கள். துளைகள் குறைந்தன. "பார்த்தீர்களா!" என்றார்கள் எல்லாரும். மழை விட்டு வெயில் வந்ததையும், அச்சு மணலில் ஈரம் குறைந்ததையும் எவரும் நினைக்கவில்லை. அடுத்த ஐப்பசியில் துளைகள் திரும்பி வந்தன. அந்த மனிதர் திரும்பி வரவில்லை.

இது ஆலையில் மட்டுமா நடக்கிறது? மருமகள் வந்த வேளையில் மாடு செத்தால், பழி மருமகள் தலையில்தானே விழுகிறது!

இரண்டு மாறுதல்கள் சேர்ந்து வரும்போது எது காரணம் என்று எப்படிச் சொல்வது? இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் 1919-ல் சேர்ந்த ரொனால்டு பிஷர் இதற்கு ஒரு வழி கண்டார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடக்கூடாது. சீட்டு முடிவு செய்யட்டும் என்றார். நல்ல மண்ணைத் தன் பிரியமான உரத்துக்குக் கொடுக்கும் ஆசை அறிஞருக்கும் வரும் அல்லவா?

வார்ப்படத்துக்கும் இது பொருந்தும். மணலின் ஈரம், களிமண் அளவு, இடிப்பின் இறுக்கம், உருகிய இரும்பின் சூடு ஆகிய நான்கையும் மும்மூன்று நிலைகளில் மாற்றினால் 81 சேர்க்கைகள் வரும். அத்தனையும் வார்த்துப் பார்க்கக் கட்டுப்படியாகாது. ஆனால் தக்கபடி அடுக்கினால், ஒவ்வொன்றின் தனிப் பங்கையும் அறியப் பெரும்பாலும் ஒன்பது போதும். இத்தகைய அடுக்குகளின் கணிதத்துக்கு 1940-களில் கல்கத்தாவில் அடித்தளம் இட்டவர் நம் சி. ஆர். ராவ். அந்த ஒன்பதையும் எந்த வரிசையில் வார்ப்பது என்பதைச் சீட்டுக்கு விட்டுவிட வேண்டும். காலைக் குளிர்ச்சியோ மேஸ்திரியின் கோபமோ ஒரு பக்கம் சாயாது.

மீஞ்சூருக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரி மீனவர்கள் இந்த நியாயத்தை வேறு வழியில் அறிந்தவர்கள். அவர்களிடம் 'பாடு' என்ற முறை உண்டு. இறால் மிகுந்த இடங்களில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை மாற்றிப் பகிர்வார்கள். அந்த உரிமை எல்லாருக்கும் இல்லை என்ற குறை உண்டுதான். ஆனால் உரிமையுள்ளவர்களுக்குள், வலுத்தவன் கை ஓங்குவதைச் சீட்டு தடுக்கிறது.

அறிவைச் சீட்டிடம் அடகு வைப்பதா என்று கேட்கலாம். அறிவை அல்ல, முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிடும் நம் மனச்சாய்வைத்தான்.

"சோதித்துப் பார்த்திருந்தால் அவன் தப்பியிருப்பானா?" என்று கேட்டார் நண்பர். மழையும் மனிதனும் ஒரே தராசில் நின்றிருப்பார்கள் என்று மட்டும் சொன்னேன்.

கெட்ட வார்ப்பை உருக்கி மறுபடியும் வார்க்கலாம். மனிதனை அப்படிச் செய்ய முடியாது.