நூல் மறைந்தும் திருநாமம் மறையாத பூர்வாசார்யர்கள்



கோடையில் திருச்சுழிப் பக்கம் வருகிறவர்கள் குண்டாற்றைப் பார்த்து, "இதில் நீர் எங்கே?" என்று கேட்பதுண்டு. மணலைத் தோண்டி ஊற்றுநீர் குடித்து வளர்ந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாதது இல்லாததாகிவிடாது. நம் ஸம்ப்ரதாயத்திலும் இப்படி மணலின்கீழ் ஓடும் மகான்கள் உண்டு.

ப்ரஹ்ம ஸூத்ரங்களுக்குப் போதாயனர் விரிவான வ்ருத்தி அருளிச்செய்தார். அந்நூல் இன்று கிடைப்பதில்லை. சாந்தோக்ய உபநிஷத்துக்கு டங்கர் வாக்யம் இயற்றினார். அதற்கு த்ரமிடாசார்யர் பாஷ்யம் இட்டார். இவற்றிலும் பிறர் எடுத்துக்காட்டிய சில வாக்யங்களே நமக்கு எஞ்சின. நம் ஸம்ப்ரதாயத்தின் முதலாசார்யரான நாதமுனிகளின் ந்யாயதத்வமும் அப்படியே. ஸ்வாமி வேதாந்த தேசிகன் முதலானோர் எடுத்தாண்ட இடங்களைக் கொண்டுதான் அதை அறிகிறோம்.

நூல் மறைந்திருக்க, இவர்களுடைய திருநாமம் மட்டும் எப்படி நிலைத்தது? எம்பெருமானாருடைய க்ருதஜ்ஞதையால் நிலைத்தது. வேதார்த்த ஸங்க்ரஹத்தில் போதாயனர், டங்கர், த்ரமிடர், குஹதேவர், கபர்தி, பாருசி என்று அறுவரையும் பெயர் சொல்லி நினைக்கிறார். ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, போதாயன வ்ருத்தியைப் பூர்வாசார்யர்கள் சுருக்கினார்கள் என்றும், அவர்கள் மதத்தைப் பின்பற்றியே ஸூத்ரங்களுக்குப் பொருள் உரைப்பதாகவும் அருளுகிறார். "என் புத்தியால் கண்டேன்" என்று அவர் சொல்லியிருந்தால் மறுத்திருப்பவர் யார்? ஆயினும் சொல்லவில்லை.

அந்த வ்ருத்தியைத் தேடி அவர் கூரத்தாழ்வானுடன் காச்மீரம் வரை எழுந்தருளினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. கிடைத்த சுவடி வழியிலேயே பறிபோயிற்று. எம்பெருமானார் வருந்தி நிற்க, இரவுகளில் அதை வாசித்து நெஞ்சில் தரித்திருந்த ஆழ்வான் தேற்றினாராம். சுவடி போயிற்று, கேட்டவர் நெஞ்சில் பொருள் நின்றது.

அடியேனுக்குப் பாடசாலையில் வேதாந்தம் சொல்லிவைத்த ஆசார்யர் ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஓர் உபந்யாஸத்தில், அவரிடம் கேட்ட அர்த்தமொன்றை அடியேன் எடுத்துரைத்தேன். முதியவர் ஒருவர் மகிழ்ந்து, "ஸ்வாமி! இது தேவரீருக்கே தோன்றியதோ?" என்று வினவினார். அடியேன் புன்னகைத்து வாளாவிருந்துவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுதாத ஆசார்யருக்கு எஞ்சியிருந்த ஒரே சுவடி அடியேனுடைய நாக்கு. அதையும் அடியேனே அழித்துவிட்டேன் அன்றோ! மறுநாள் கோஷ்டியில் அவர் திருநாமத்தைச் சொல்லி அபராத க்ஷமை வேண்டிய பிறகே மனம் தெளிந்தது.

ப்ரபந்தம் ஸேவிக்கத் தொடங்குமுன் நாம் தனியன் அநுஸந்திப்பது ஏன்? எவர் தந்தது என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகே அநுபவிக்க வேண்டும் என்பதற்காகவே. இந்த ஆசாரம் கோயிலோடு நின்றுவிடலாகாது. உங்கள் பாட்டனார் சொன்ன ஒரு கதை, அன்னையார் கற்பித்த ஒரு பாசுரம், வழிப்போக்கர் ஒருவர் உணர்த்திய ஒரு நல்வார்த்தை ஆகியவற்றைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது, "இது இன்னாரிடம் கேட்டது" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏடும் எழுத்தும் இல்லாதவர்க்கு அதுவே ஊற்றுக்கண்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.