பத்தில் ஒரு பங்கு

நாட்டுப்புற வீடுதோறும் குழாய்வழிக் குடிநீர் வழங்க 2019-இல் நடுவண் அரசு ஜல் ஜீவன் திட்டத்தைத் தொடங்கியபோது, மதிப்பீடு 3.60 இலட்சம் கோடி ரூபாய். பெரும்பாலான மாநிலங்களில் நடுவண் அரசும் மாநில அரசும் சரிபாதி ஏற்பது முறை. ஆயினும் ஊருக்குள் அமையும் பணிகளின் செலவில் 10 விழுக்காட்டை ஊராரே பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்றது நெறிமுறை. பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் பாதிக்குமேல் வாழும் ஊர்களில் 5 விழுக்காடு. (பத்தில் ஒன்று திருமறை அறிந்தோர்க்குப் பழகிய அளவே!)

ஏழையிடம் தண்ணீருக்குப் பங்கு கேட்பது அறமா? கொடுத்தவர்க்கே உரிமையுணர்வு பிறக்கும் என்பர். அதில் உண்மை உண்டு. தாம் மண் சுமந்து எழுப்பிய தொட்டியை எவரும் எளிதில் பாழாக விடார். ஆனால், பங்கு கேட்குமுன் கருத்துக் கேட்டோமா? ஊரின் செயல்திட்டத்தைக் கிராமசபை கூடி ஏற்கவேண்டும். அவை திரண்டே மாவட்டத் திட்டமும் மாநிலத் திட்டமும் உருவாகவேண்டும். ஊர்க் குடிநீர்க் குழுவில் பாதிப்பேர் பெண்களாயிருத்தலும் விதியே. முன்னரே எழுதி முடித்த தீர்மானத்தில் கையொப்பம் மட்டும் பெறப்படுமாயின், அங்கே திரட்டப்படுவது பங்களிப்பன்று, வரி. வரி செலுத்துவோர்க்காவது சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் உண்டு. எந்தத் தெருவோடு தண்ணீர் நின்றுபோகும் என்பதை நன்கறிந்த பெண்ணோ, சபையின் பின்வரிசையில் பேசாது அமர்ந்திருக்கிறார்.