உணவின் மீதான தீர்வை: ஓர் அறவியல் நோக்கு

அத்தியாவசியப் பண்டங்களுக்கு இறக்குமதித் தீர்வையிலிருந்து விலக்களித்தல் வேண்டுமா என்னும் வினா பொருளியலாளருக்குரியதாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. அடிப்படையில் அது நீதி பற்றிய வினாவாகும். வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குச் செல்லும் பங்கு கூடுகின்றது என்பதை ஜேர்மானியப் புள்ளிவிபரவியலாளரான ஏர்ன்ஸ்ற் எங்கெல் 1857 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆகவே ஒரு கிலோ பருப்பின்மீது செல்வனிடமும் வறியவனிடமும் ஒரே தொகையாக அறவிடப்படும் தீர்வை, தோற்றத்திற் சமமாயினும் சுமையிற் சமமானதன்று. ஆடம்பரப் பண்டத்தை வாங்காது விடுவதன்மூலம் அதன் வரியிலிருந்து ஒருவன் தப்பிக்கொள்ளலாம். உணவைப் பொறுத்தவரை அவ்வாறு தப்புவதற்குள்ள வழி பட்டினி ஒன்றே.

இங்கிலாந்தில் 1815 ஆம் ஆண்டுத் தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமையின் விலை குவாட்டர் ஒன்றுக்கு 80 சிலிங்கை எட்டும்வரை பிறநாட்டுக் கோதுமையைச் சந்தைக்கு வரவிடாது தடுத்தது. நிலவுடைமையாளரின் வாரம் பெருகுவதற்காகத் தொழிலாளி உயர்விலை கொடுப்பதை ரிக்கார்டோ எதிர்த்தார். உணவுக்குப் பிறநாடுகளை நம்பியிருத்தலின் ஆபத்தைக் காட்டி மல்தஸ் கட்டுப்பாட்டை ஆதரித்தார். 1846 இல் அவ்வேற்பாட்டை ஒழிக்கத் தீர்மானித்தபோது நீதி எப்பக்கம் நின்றது என்பதில் இன்று பெரிதும் ஐயமில்லை. உயர்விலையின் பயனை அனுபவித்தவர்கள் பெருநிலக்கிழார்கள் அல்லவா?

இலங்கையின் அனுபவம் அத்துணை இலகுவாகத் தீர்ப்புக்கு உட்படுவதன்று. 1970 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட காலத்தில், அந்நியச் செலாவணி நெருக்கடியின் விளைவாக, மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இது தீர்வையிலும் கடியதே; ஆயினும் இரண்டும் எழுப்பும் அறப்பிரச்சினை ஒன்றே. இங்கு பயன்பெற்றவன் நிலக்கிழான் அல்லன்; யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிற் சில பரப்புக் காணியில் கிணற்று நீர் இறைத்துப் பயிரிட்டவன். தலைமுறைகளாக அவன் காணாத வருவாய் அவ்வாண்டுகளில் அவனுக்குக் கிட்டியது. 1977 தேர்தலின்பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் அது சரிந்தது.

அதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் பட்டினி பரவியது. 1974 இல் அங்கு இறப்பு வீதம் உயர்ந்தது. மிளகாய்க்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு அதற்குக் காரணமன்று. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியமையும், செலாவணி இன்மையும், பங்கீடு குறைக்கப்பட்டமையுமே காரணங்கள். எனினும் வடக்கின் தோட்டக்காரன் பொற்காலமாக நினைவுகூரும் அக்காலம், ஒரு சாண் நிலமும் சொந்தமாக அற்ற தேயிலைத் தொழிலாளியின் நினைவில் வேறொன்றாகவே பதிந்துள்ளது. விளைவிப்போன் வறியவனாயிருக்கும் நாட்டில் உண்போனும் வறியவனே என்பதை இவ்விருவரையும் அருகருகே நிறுத்தினாலன்றி உணர முடியாது.

எனவே 'அத்தியாவசியம்' என்னும் சொல்லைப் பிரித்து நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ முழுவதும் வெளியிலிருந்தே வரும் மைசூர்ப் பருப்பின்மீதோ, உள்ளூரில் தயாரிக்கப்படாத மருந்தின்மீதோ விதிக்கப்படும் தீர்வை பசியின்மீதும் நோயின்மீதுமான வரியேயாகும்; அதற்கு நியாயம் காண்பது அரிது. வெங்காயத்தின்மீதான தீர்வையோ, திறைசேரிக்கு வருமானமாவதோடு, உண்போனிடமிருந்து விளைவிப்போனுக்குச் செல்லும் ஒரு கொடுப்பனவாகவும் அமைகின்றது. விளைவிப்போனைக் காத்தல் சமுதாயத்தின் கடமையெனின், அச்செலவை நாட்கூலி பெறுபவன் தன் கறிச்சட்டியிலிருந்து ஏன் கொடுத்தல் வேண்டும்? வருமானத்திற்கேற்ப அறவிடப்படும் வரியிலிருந்து, உத்தரவாத விலையாக அரசு அதனைக் கொடுப்பதே முறை. அதைச் செய்யாது தீர்வையை மட்டும் நீக்குமாயின், அது ஒரு வறியவனின் சுமையை மற்றொரு வறியவனின் தோளுக்கு மாற்றுவதாகவே முடியும்.

விலக்கின் பயன் உண்போனைச் சென்றடைகின்றதா என்பது பிறிதொரு சிக்கல். 2007 ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின்கீழ், சீனிக்குக் கிலோவொன்றுக்கு 50 ரூபாயாக இருந்த அறவீடு 2020 ஒக்டோபரில் 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடைகளில் விலை அதற்கேற்ப வீழவில்லை. திறைசேரி இழந்த வருமானமோ 1,500 கோடி ரூபாய்க்கும் மேற்பட்டதெனக் கணக்காய்வில் மதிப்பிடப்பட்டது. உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் ஆகியவற்றின் அறுவடைக் காலத்தில் அறவீட்டை உயர்த்திப் பின்னர் குறைக்கும் வழக்கமும் இக்கண்கொண்டே ஆராயப்பட வேண்டியது. அறவீடு உயருமுன்னர் களஞ்சியத்தை நிரப்பி வைக்கும் வசதி வெலிமடை விவசாயிக்கும் இல்லை, அவன் விளைவித்ததை அரைக் கிலோவாக வாங்குபவனுக்கும் இல்லை.