அடுத்த மடக்கில் யாருக்குப் பங்கு?

இந்தியாவில் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில். 1937 அக்டோபர் 1ஆம் தேதி. சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பேற்று மூன்று மாதம் ஆவதற்குள் ராஜாஜி தன் சொந்த மாவட்டத்தையே சோதனைக்கு எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகளுக்கு முன்பே திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து, கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தியவர் அவர். கடை ஏல வருமானம் போனால் அரசாங்கம் எப்படி நடக்கும் என்று கேட்டவர்களுக்கு 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்து பதில் சொன்னார். அந்த வரியின் வாரிசான மதிப்புக்கூட்டு வரி இன்று அரசு மதுக்கடையான டாஸ்மாக்கின் பாட்டில் ஒவ்வொன்றின் விலையிலும் ஒளிந்திருக்கிறது. மதுவை விடுவதற்காகப் பிறந்த வரி மதுவிலிருந்தே வசூலாகிறது. ஒரு சட்டம் எங்கே போய் நிற்கும் என்பது அதைப் போட்டவருக்கே தெரியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நான் ஏற்காடு மலைக் கிராமங்களில் அரசு மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மலை ஜனங்களுக்கு இன்னும் ‘கம்பவுண்டர் ஐயா’தான். இப்போது கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, அதுதான் பொழுது. பெங்களூரில் வேலை செய்யும் என் அக்கா மகன் பொங்கலுக்கு வந்திருந்தபோது, களத்தில் காப்பிப் பழத்தைக் கிளறிக்கொண்டே ஒரு வாதத்தை எடுத்து வைத்தான்.

“மாமா, கஞ்சாவோ அபினோ, எல்லாத்தையும் சட்டப்படி விக்க விட்டுட்டா கடத்துறவனுக்கு வேலையே இல்ல. என்ன சரக்கு, எவ்வளவு வீரியம்னு தெரிஞ்சு வாங்குவான். அளவு மீறிச் சாகுறதும் குறையும். மருந்து கொடுத்தவரு நீங்க, உங்களுக்குத் தெரியாததா?”

அவன் சொன்னதில் பாதியை என் தொழிலே ஒப்புக்கொள்ளும். தடை வந்ததும் முதலில் தொலைவது அளவுதான். கள்ளை ஒளித்துக் கொண்டுபோவது கடினம். பானை பானையாக வேண்டும், நேரம் போனால் புளிக்கும். சாராயம் அதைவிடச் சின்ன இடத்தில் அடங்கும். மெத்தனாலுக்கு இன்னும் சின்ன இடம் போதும். ஊறல் போட வேண்டாம், அடுப்புப் புகை காட்டிக்கொடுக்காது, தண்ணீர் கலந்தால் சரக்கு தயார். ஒளித்து விற்க வேண்டிய பொருள் எப்போதும் வீரியம் கூடிய பக்கமாகவே நகரும். அபின் ஹெராயினாகி, ஹெராயினின் இடத்தை ஃபென்டனில் பிடித்ததும் இதே கணக்கில்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. அபின் வகைப் போதைக்குப் பழகியவனின் உடம்பு தாங்கும் அளவு ஏறிக்கொண்டே போகும். பிடித்து உள்ளே போட்டால் சில வாரங்களில் அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடும். வெளியே வந்த அன்று பழைய அளவையே ஏற்றிக்கொள்வான், மூச்சு நின்றுவிடும். நலாக்சோன் மருந்து உடனே கிடைத்தால் பிழைப்பான். போலீசுக்குப் பயந்து பதுங்கியிருப்பவனிடம் அதை யார் கொண்டுபோவது? திருத்துவதற்காகக் கொடுத்த தண்டனையே அங்கே சாவுக்கு வழி வைத்துவிடுகிறது.

இதுவரை மருமகன் பக்கம்தான் நியாயம். ஆனால் எங்களுக்குக் கிழக்கே இருக்கும் கல்வராயன் மலையின் அடிவாரத்தைப் பார்த்தால் மீதிப் பாதி தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனால். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும்; பிறகு மூச்சு. எங்கள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முறிவு மருந்துகளில் ஒன்று எத்தனால், அதாவது நல்ல சாராயத்தில் இருப்பது. கடைச் சரக்கைக் குடித்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது மதுவிலக்கு ஊர் அல்ல. டாஸ்மாக் கடைகள் இருக்கும் ஊர். அப்போது அரசுக் கடையில் ஒரு குவார்ட்டர் 140 ரூபாய். பாக்கெட் அதில் பாதிக்கும் குறைவு. கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். கை நடுங்குகிறவனுக்கு விடியற்காலையிலேயே வேண்டும். சட்டப்படி விற்பனை நடக்கும் ஊரிலும் விலைக்கும் நேரத்துக்கும் தூரத்துக்கும் இடையே இருக்கிற சந்தில் கள்ள வியாபாரி குடித்தனம் நடத்துகிறான். ஏற்காட்டைச் சுற்றியுள்ள 67 மலைக் கிராமங்களில் ‘பிளாக்’கில் வாங்குவது என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சட்டப்படி, வீரியம் அச்சிட்டு, மருத்துவர் சீட்டோடு விற்ற சரக்கும் கொன்றிருக்கிறது. அமெரிக்காவில் 1996இல் பர்டூ நிறுவனம் ஆக்ஸிகான்டின் மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதன் விற்பனை முறைக்காக 2007இலும் 2020இலும் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சீட்டுக்குக் கெடுபிடி வந்த பிறகு, பழகிப்போனவர்கள் ஹெராயினுக்கும் ஃபென்டனிலுக்கும் போனார்கள். 2021இல் மட்டும் அந்த நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போதை அளவு மீறி இறந்தார்கள். ஆரம்பித்து வைத்தது அனுமதி, முடித்து வைத்தது தடை. இங்கேயும் டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள் கடத்தல்காரன் கண்டுபிடித்த பொருளை ஏற்றிக்கொள்ளவில்லை. உரிமத்தோடு தயாரான மாத்திரை அது.

அப்படியானால் அனுமதியா, தடையா என்று மட்டும் கேட்டால் விடை பிடிபடாது. என் மருந்துச் சன்னலுக்கு மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவர் வந்து கேட்டது நினைவிருக்கிறது. புருஷனுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கக் குடி நிறுத்தும் மாத்திரை வேண்டும் என்றார். தெரியாமல் கொடுத்து, அதற்குமேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து, ஆளை மருத்துவரிடம் கூட்டி வா என்றேன். அவர் போகாமல் நின்றார். “கடையை மூடச் சொல்லலீங்க ஐயா. எங்க ஊட்டு ஆளுக்கு மட்டும் விக்காதேன்னு சொல்ல முடியாதுங்களா?”

முடியாது. எங்கே போனாலும் குடிப் பழக்கத்தின் கணக்கு ஒன்றுதான்: விற்பனையில் பெரும்பகுதியை வாங்குவது அதிகம் குடிக்கும் கொஞ்சம் பேர். எப்போதாவது குடிப்பவனை நம்பி யாரும் கடை நடத்துவதில்லை. 2023-24இல் தமிழ்நாட்டு அரசுக்கு மதுவால் வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பெண்ணின் புருஷன் நிறுத்திவிட்டால் பாக்கெட் விற்பவனுக்கு நஷ்டம், கருவூலத்துக்கும் நஷ்டம். இந்த ஓர் இடத்தில் கள்ள வியாபாரியும் அரசும் ஒரே தராசின் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்கும் கேள்வி இது: ஒருவனுடைய அடுத்த மடக்கில் யாருக்குப் பங்கு இருக்கிறது?

இது சட்டக் கேள்வி இல்லை, வினைக் கேள்வி. பழையவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பௌத்தம் குடிப்பவனுக்கு, போதையைத் தவிர்க்கச் சொல்லும் ஐந்தாம் சீலத்தை வைத்தது. அதோடு நிற்காமல், இல்லறத்தான் செய்யக்கூடாத ஐந்து வியாபாரங்களில் போதைப் பொருள் விற்பதையும் விஷம் விற்பதையும் தனியாகச் சேர்த்தது. குடிப்பது ஒரு குற்றம், குடியில் பிழைப்பது வேறொரு குற்றம். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாகக் கும்பிடப்பட்டு வந்த சிலை புத்தருடையது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முனியப்பன் கோயில்களில் சாராயமும் சுருட்டும் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மதுவை விற்காதே என்றவர் அந்த வரிசையில் ஒரு பெயரோடு இத்தனை காலம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. முனியப்பனுக்குப் படைப்பது நாள் குறித்து, ஊர் பார்க்க, அளவாக. நாளைக்கும் வாங்குவார் என்று சாமியை நம்பி யாரும் கடை வைக்கவில்லை.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், 93ஆம் அதிகாரமாக வைத்தார். முன்னால் வரைவின் மகளிர், பின்னால் சூது. முதலாவதில் பெண் மேல் விழும் பழி எனக்கு ஒப்பில்லை. ஆனாலும் மூன்றையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது ஓர் ஒற்றுமை தெரிகிறது: ஒருவன் தன்னை நிறுத்திக்கொள்ள முடியாமல் போவதே இன்னொருவருக்கு வருமானமாகும் இடங்கள் மூன்றும். அவற்றை அடுத்து 95ஆம் அதிகாரம் மருந்து. அது பெரும்பாலும் அளவைப் பற்றியது. மருந்துக்காரனாக அந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது.

மருமகன் விடவில்லை. “பெரியாரே மதுவிலக்கை எதிர்த்தாரே மாமா. வயசு வந்தவன் குடிக்கிறத அரசாங்கம் ஏன் கேக்கணும்?” எதிர்த்தார்தான். ஆனால் அதே பெரியார் காங்கிரசில் இருந்தபோது, கள் இறக்க விடக்கூடாது என்று, இந்த மலைக்குக் கீழே தாதம்பட்டித் தோப்பில் இருந்த தன் தென்னைகள் ஐந்நூறை வெட்டிச் சாய்த்தவர். இரண்டையும் எதிரெதிராகக் காட்டுவார்கள். எனக்கு இரண்டும் ஒரே பக்கம்தான். மரத்தை வெட்டியபோது பிறர் குடியில் தனக்கிருந்த பங்கைக் கைவிட்டார். பிற்காலத்தில், குடிப்பவனை போலீஸ் பிடிப்பதை ஏற்க மறுத்தார். பங்கை விடு, ஆளைப் பிடிக்காதே. நம் அரசுகள் செய்வது தலைகீழ்: பங்கை வைத்துக்கொள்கின்றன, ஆளைப் பிடிக்கின்றன. வீரியம் குறைந்த கள்ளுக்கு 1987 முதல் இங்கே தடை; பிராந்திக்கு அரசே கடை வைத்திருக்கிறது.

பங்கில்லாத அனுமதி உலகத்தில் இல்லாமல் இல்லை. ஸ்விட்சர்லாந்து 1994 முதல், வேறு எந்தச் சிகிச்சைக்கும் கட்டுப்படாத ஹெராயின் அடிமைகளுக்கு மருத்துவமனையிலேயே, செவிலியர் முன்னால், அளந்த ஹெராயினைக் கொடுக்கிறது. மெதடோன் சிகிச்சையும் பாதுகாப்பான ஊசிக் கூடங்களும் அதோடு சேர்ந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருந்ததைவிட அங்கே போதைச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. காலையில் மருத்துவமனையில் கிடைப்பவன் மாலையில் தெரு வியாபாரியைத் தேட மாட்டான். தன் செலவுக்காக இன்னொருவனைப் பழக்கிவிட்டு விற்கவும் மாட்டான். போர்ச்சுகல் 2001இல் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவனைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்தியது. விற்பனை அங்கே இன்றும் குற்றம்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021இல் தண்டனையை முதலில் எடுத்தது, சிகிச்சை பின்னால் மெதுவாக வந்தது. 2024இல் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. நம் நாட்டிலும் அரசு மருத்துவமனைகளின் மாற்று மருந்து மையங்களில், ஊசியில் அபின் வகைப் போதை ஏற்றிக்கொள்பவர்களுக்குப் புப்ரினார்ஃபின் இலவசமாகக் கொடுக்கிறார்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. கஞ்சா வேட்டை என்று தலைப்புச் செய்தி வருகிற அளவுக்கு இந்தப் பிரிவு எந்தத் தேநீர்க் கடையிலும் பேசப்படுவதில்லை.

“அரசாங்கம் லாபமில்லாம எதையாவது நடத்துமா மாமா?” என்று கடைசியாகக் கேட்டான்.

நடத்தியிருக்கிறது. அதில்தான் நான் வேலை பார்த்தேன். எங்கள் நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை முதல் காசநோய் மருந்து வரை எதற்கும் காசு வாங்கவில்லை. மருந்து வாங்கிப் போனவர் குணமாகி மறுபடி அந்தச் சன்னலுக்கு வராமல் இருந்தால் எனக்குச் சம்பளம் குறையாது. அதுவே நல்ல செய்தி. பொருள் ஒன்றேதான்: இந்தக் காட்டுக் கடுக்காய் திரிபலா சூரணத்துக்கும் போகிறது, வெல்லத்தோடும் வேலம்பட்டையோடும் ஊறல் பானைக்கும் போகிறது. எடுத்துக் கொடுப்பவர் நாம் திரும்ப வரவேண்டும் என்று நினைக்கிறாரா, வேண்டாம் என்று நினைக்கிறாரா என்பதே எனக்கு வித்தியாசம்.

கஞ்சாவை அனுமதிக்கலாமா என்று என்னைக் கேட்டால் என் பதில் இப்படித்தான் இருக்கும். உபயோகிப்பவனைச் சிறைக்கு அனுப்புவதை இன்றே நிறுத்தலாம். விட முடியாதவனுக்கு அளந்த மருந்தை மருத்துவமனையிலேயே கொடுக்கலாம். கடை திறப்பதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். சட்டசபையில் நிதிநிலை அறிக்கை வாசிக்கும்போது, இந்த ஆண்டு மது வருமானம் குறைந்திருக்கிறது என்று அமைச்சர் பெருமையோடு சொல்லி, உறுப்பினர்கள் மேசையைத் தட்ட வேண்டும். அது நடந்த மறுநாள் கஞ்சாக் கடை பற்றிப் பேச நான் தயார்.