உடன் வந்தவர்களை விட்டுத் தனியே போகலாமா?

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள். மயிலாப்பூர் மாட வீதிகளில் அறுபத்து மூவர் உலா வரும்போது, கூட்டத்தில் எட்டிப் பார்த்து, ‘அதோ சம்பந்தர்... அதோ அப்பர்...’ என்று பேரக் குழந்தைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். தோளில் உழவாரப்படையைச் சாய்த்துக்கொண்டு, கைகூப்பி நிற்பாரே, அவர்தான் அப்பர் பெருமான். அத்தனை அடியார்களோடும் சேர்ந்து வருகிற அவரைப் பார்த்தால், ஒரு கட்டத்தில் கூட வந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டுத் தன்னந்தனியாக நடந்தவர் என்று தோன்றுமா?

அந்த நீண்ட யாத்திரையின் ஒரு பகுதி, நீங்களும் நானும் தினமும் பஸ்ஸில் போகிற வழிதான்! காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து திருவான்மியூர் வந்து மருந்தீஸ்வரரைத் தொழுது, பிறகு மயிலை, திருவொற்றியூர் என்று வணங்கிக்கொண்டு திருக்காளத்தி சென்றார் என்கிறது பெரியபுராணம். இன்று நாம் திரு.வி.க. பாலத்தில் ஐந்து நிமிடத்தில் கடக்கிற அடையாற்றை, ஏழாம் நூற்றாண்டில் அந்த முதியவர் எங்கே, எப்படிக் கடந்தாரோ!

சமீபத்தில் தி.நகர் வாசகி ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்விதான் என்னை மறுபடி இந்தக் கதைக்குள் கொண்டு விட்டது. ஒரே தெருவைச் சேர்ந்த ஐந்து பெண்கள். பாண்டி பஜாரில் சேர்ந்து போய் ஸ்வெட்டர் வாங்கி, காசி, ஹரித்துவார், பத்ரிநாத் என்று திட்டம் போட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். காசியில் ஒருவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மற்ற மூவரும், ‘போதும்மா, ஊருக்குத் திரும்பிடலாம்’ என்றார்கள். இவர் மட்டும் பத்ரிக்குப் போய்விட்டு வந்தார். மூன்று மாதமாகிறது. கபாலி கோயில் பிராகாரத்தில் எதிரெதிரே வந்தாலும் பேச்சில்லை. ‘ஸ்வாமியைப் பார்க்கத்தானே போனேன்? இது பாவமா?’ என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது.

‘இதில் என்ன பாவம், அவரவர் புண்ணியம் அவரவருக்கு’ என்று சொல்லிவிடலாம். ஆனால், நம் மரபு அப்படிச் சொல்லவில்லையே. அடியார் கூட்டத்தைத்தானே அது உயர்த்திப் பேசுகிறது? பாத யாத்திரையில் ஒருவர் காலில் முள் தைத்தால் பத்துப் பேர் நிற்பதில்லையா? அதே சமயம், ‘துணை இருந்தால்தான் போகலாம்’ என்று வைத்துக்கொண்டால், நம்மில் பாதிப் பேர் மந்தைவெளியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம்! காரைக்கால் அம்மையாருக்குக் கயிலை வழியில் யார் துணை?

இனி அப்பரிடம் வருவோம். அவர் பிறரை விட்டுப் போனவர் மட்டுமல்ல. அதற்கு முன்பே, தாம் விடப்பட்டு நின்றவர். சம்பந்தரும் அவரும் தலம் தலமாகச் சேர்ந்தே போனவர்கள். திருமறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரண்யத்தில், கோயில் கதவைத் திறக்க ஒருவரும் அடைக்க ஒருவருமாகப் பாடியவர்கள். அங்கே பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரிடமிருந்து சம்பந்தருக்கு அழைப்பு வருகிறது. அப்பர் பதறுகிறார். ‘நாளும் கோளும் சரியில்லை, அங்கே இருப்பவர்கள் எனக்குச் செய்த கொடுமைகளுக்கு அளவில்லை, போக வேண்டாம்’ என்று தடுக்கிறார். சம்பந்தர் கோளறு பதிகம் பாடுகிறார். ‘அப்படியானால் நானும் வருகிறேன்’ என்று அப்பர் எழ, ‘தாங்கள் சோழ நாட்டிலேயே இருங்கள்’ என்கிறார் அந்தச் சிறு பிள்ளை.

எத்தனை வலித்திருக்கும்! மகனைப் போன்றவன், ஆபத்தை நோக்கித் தனியே போகிறான். நீ வர வேண்டாம் என்கிறான். ஆனாலும் அப்பர் கோபித்துக்கொள்ளவில்லை. நின்றுகொண்டார்.

இங்கே நான் கவனித்தது இதைத்தான். சம்பந்தர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார். தடுப்பார் என்று தெரிந்தும் சொன்னார். தடுப்பதற்கு அவருக்கு இருந்த உரிமையை மதித்து, அதற்குப் பதில் சொல்லிவிட்டே கிளம்பினார்.

வாசகியிடம், ‘முழங்கால் வீங்கியவரை எப்படி விட்டுப் போனீர்கள்?’ என்று கேட்டேன். மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். ரயில் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்து, அவர் பிள்ளைக்கும் போன் செய்திருக்கிறார். மற்ற மூவரும் உடன் இருந்தார்கள். குறை சொல்ல இடமில்லை. ‘புறப்படும்போது என்ன சொன்னார்கள்?’ என்றேன். சற்றுத் தயங்கிவிட்டு, ‘விடியற்காலையில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பினால் அழுவார்கள், போகவிட மாட்டார்கள். ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனேன்’ என்றார்.

அந்தச் சீட்டுதான் எனக்கு உறுத்தியது, பத்ரிநாத் அல்ல. நான்கு பேருக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்லவோ, ‘போய்விட்டு வா’ என்று வாழ்த்தவோ வாய்ப்பில்லாமல் போய்விட்டதே! பிரசாதத்தோடு அந்த முழங்கால்காரரின் வீட்டுக்கே போய், பத்ரியைப் பற்றிப் பேசாமல், அந்தச் சீட்டைப் பற்றி முதலில் பேசச் சொன்னேன். அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பேன். நின்றுவிட்டவர்கள், நடப்பவரைக் குற்றவாளியாக்கக் கூடாது. திருமறைக்காட்டு அப்பர் அதற்குச் சாட்சி.

மகாபாரதத்தின் கடைசி யாத்திரையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். திரௌபதியும் தம்பியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக விழ, தர்மபுத்திரர் திரும்பிப் பாராமல் நடக்கிறார். படிக்கும்போது மனசு கசக்கிறது. ஆனால், உயிரோடு தன்னை நம்பி வந்த நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறு என்று இந்திரன் சொன்னபோது, சொர்க்கமே வேண்டாம் என்கிறாரே! இனி நம்மால் எதுவும் செய்ய இயலாதவர்களை விட்டு நடப்பது வேறு. நம்மையே நம்பி நிற்கும் ஜீவனை விட்டு நடப்பது வேறு.

காளத்திக்குப் பின் அப்பர் வடக்கே நடந்து காசியை அடைந்தார். அங்கேதான் உடன் வந்த அன்பர்களை நிறுத்திவிட்டுக் கயிலையை நோக்கித் தனியே புறப்பட்டார். நடுக்காட்டில் அல்ல, கங்கையும் கோயிலும் இருக்கிற ஊரில் அவர்களை விட்டார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன்னால் இருந்தது மற்றவர்களை இழுத்துப் போகக் கூடிய பாதையல்ல. காய், கிழங்கு உண்பதையும் விட்டு, இரவு பகல் பாராமல் நடந்தார். பாதம் தேய்ந்தபோது கையால் ஊன்றி நகர்ந்தார். கையும் தேய, மார்பால் தவழ்ந்தார். பின்பு உருண்டார். இன்றைக்குக் கயிலை யாத்திரைக்கு அரசே குழு குழுவாகத்தான் அனுப்புகிறது. 2020-ல் நின்றுபோன அந்த யாத்திரை, 2025-ல்தான் மறுபடி தொடங்கியது. நம் பத்ரி பயணத்துக்கோ, தனியே போகிறவர் வீட்டில் வண்டி எண்ணைச் சொல்லிவிட்டு, ரயில்வே உதவிக்கான 139-ஐ மனப்பாடம் செய்துகொண்டால் நல்லது.

வழியில் முனிவராக வந்த சிவபெருமான், ‘இது மானிடர் போகும் இடமல்ல, திரும்பிப் போ’ என்றார். அப்பர் மறுத்தார். அருகில் இருந்த பொய்கையைக் காட்டி, ‘இதில் மூழ்கு, திருவையாற்றில் எழுவாய்’ என்று அருளினார் இறைவன். மூழ்கியவர், தஞ்சைச் சீமைத் திருக்குளத்தில் எழுந்தார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இன்றும் கொண்டாடுகிறார்களே, அந்தக் கயிலைக் காட்சி கிடைத்தது அப்போதுதான்.

அவர் கண்ட காட்சியைப் பதிகத்தில் பாருங்கள். பிடியோடு களிறு, பெடையோடு சேவல், இணையோடு குயில், அன்றில், மயில், மான், நாரை, கிளி... எல்லாமே ஜோடி ஜோடியாக வருகின்றன. துணையை எல்லாம் காசியில் விட்டுவிட்டுத் தனியே உருண்டு போனவருக்கு, எதையும் ஒற்றையாகக் காட்டவில்லை ஐயாறப்பர்.